நன்றாகத் தீட்டிய கத்தி, கேரட்டில் மட்டும் மாட்டுவது ஏன்?

கேள்வி: மூன்று வருடமாக ஒரு ஜப்பானிய சான்டோகு கத்தி வைத்திருக்கிறேன். 1000 நம்பர் கல்லில் நானேதான் தீட்டுகிறேன். தக்காளி வழுக்காமல் அறுபடுகிறது. கேரட், பூசணி என்றால் பாதியில் மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று பிளக்கிறது. இன்னும் சன்னமான கல் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். கல்லும் சரி, உங்கள் கையும் சரி. தேய்க்க வேண்டிய இடம்தான் வேறு.

தக்காளித் தோலை அறுக்க கத்தி வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், கடைசி அரை மில்லிமீட்டர் போதும். கேரட் வளைந்து கொடுக்காத காய். வெட்டு இறங்க இறங்க கத்தியின் இரண்டு கன்னங்களும், அதாவது வாய்க்கு மேலே இருபுறமும் உள்ள பக்கங்களும், அதற்குள் நுழைந்தாக வேண்டும். கன்னம் தடித்திருந்தால் கத்தி ஆப்பாகிவிடும்; வாய் போய்ச் சேரும் முன்பே காய் பிளந்துவிடும். நீங்கள் கேட்கும் ‘டக்’ அதுதான்.

ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் துளித்துளியாக முதுகுப் பக்கம் ஏறுகிறது. அந்தப் பக்கம் போகப் போக அலகின் கனம் கூடும். வாயை ஒட்டிப் பளபளக்கும் பட்டையைப் பாருங்கள். புதிதில் நூல் போல இருந்தது இப்போது அகன்றிருக்கும். ஜப்பானியக் கத்திகள் பலவற்றில் நடுவே கடினமான எஃகு, இருபுறமும் அதைவிட மிருதுவான இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய அலைக்கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு வாயை நெருங்கிவிட்டால் கன்னம் தேய்க்கும் காலம் வந்துவிட்டது. நல்ல வேளையாக, தேய்க்கும்போது போவது பெரும்பாலும் அந்த மிருதுவான இரும்புதான்.

இதற்கு 220 முதல் 400 நம்பர் வரையிலான முரட்டுக் கல் வேண்டும். அதைவிடச் சன்னமான 1000-இல் முயன்றால் கை ஓய்ந்துவிடும். கோணம்தான் முக்கியம். உங்கள் கத்தியின் அகலம் 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 15 டிகிரியில் தீட்டும்போது முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். கன்னம் தேய்க்க 4 மில்லிமீட்டர் போதும், ஏறக்குறைய 5 டிகிரி. கிட்டத்தட்ட படுக்கவே வைக்க வேண்டும். கன்னத்தில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டுப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. விரல் அழுத்தம் வாய்க்குச் சற்று மேலே இருக்கட்டும். முதுகை அழுத்தினால் மேல்பகுதிதான் வீணாகத் தேயும். பழைய பட்டை மறுபடி நூல் கனத்துக்குச் சுருங்கும்வரை இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். முதல் முறை ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நடுநடுவே ஒரு கேரட்டை வெட்டிப் பாருங்கள், அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

முரட்டுக் கல் சீக்கிரம் குழியும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் தகட்டில் தேய்த்துக் கட்டம் முழுதாக அழியும்வரை சமப்படுத்துங்கள். ஒரு தடவை கன்னம் தேய்ப்பதற்குள் இரண்டு தடவையாவது இது தேவைப்படலாம்.

அப்புறம் 1000 நம்பர் கல்லில், அதே படுக்கைக் கோணத்தில், ஆழமான கீறல்களை மழுக்குங்கள். கடைசியாக வழக்கமான 15 டிகிரி. ஒரு பக்கம் தீட்டினால் மறுபக்கம் பிசிறு, அதாவது வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக விளிம்பு, விரலில் தட்டுப்பட வேண்டும். பக்கம் மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பிசிறை எடுத்துவிடுங்கள்.

அழகு கொஞ்சம் போகும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். டமாஸ்கஸ் வரி, அதாவது அலகில் அலையலையாக ஓடும் கோலம், போட்ட கத்தியென்றால் தேய்த்த இடத்தில் வரி மங்கிவிடும். வெட்டாத அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது என் கட்சி. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுத்து வேலையைச் சுருக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சூடு ஏறினால் மெல்லிய வாயின் பதம் போய்விடும். அதன் பிறகு எந்தக் கல்லிலும் கூர் நிலைக்காது.

இனி ஒவ்வொரு முறை தீட்டும்போதும் படுக்கைக் கோணத்தில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு சேர்த்துக்கொண்டால், இந்த ஒரு மணி நேர வேலை மறுபடி வர வெகுகாலமாகும்.

மீன் சீவும் யானகிபா போன்ற ஒருபக்கக் கத்தி வீட்டில் இருந்தால் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. அதன் சரிவு முழுவதையும் கல்லில் படிய வைத்தே தீட்டுவார்கள். தீட்டும்போதே கன்னமும் தேய்ந்துவிடும். பின்புறத்தில் வேண்டுமென்றே விட்ட குழிவு இருக்கும், அந்தப் பக்கம் சன்னமான கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறு எடுப்பதோடு சரி.