தைமூர் என்ற பெயரின் பொருள் என்ன? அது குர்ஆனிலிருந்து வந்த பெயர் என்பது உண்மையா?

தைமூர் என்றால் இரும்பு. பழந்துருக்கிய மொழியில் 'தெமுர்', 'தெமிர்' என்றெல்லாம் வழங்கிய சொல்தான் பாரசீக எழுத்தின் வழியே நம் வரலாற்றுப் பாடநூல்களில் 'தைமூர்' ஆயிற்று. முஸ்லிம்கள் வைத்துக்கொள்ளும் பெயர் என்பதால் அரபுப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அதற்கு அரபு வேர் கிடையாது.

நீங்கள் கேள்விப்பட்ட குர்ஆன் கதைக்கு மூலம் ஒன்று உண்டு. 1398இல் தில்லியைச் சூறையாடிய அமீர் தைமூரின் தன்வரலாறு என்று சொல்லி, 17ஆம் நூற்றாண்டில் ஷாஜஹானுக்கு ஒரு பாரசீக நூல் அளிக்கப்பட்டது. பிறந்த குழந்தையைத் தந்தை ஒரு சமயப் பெரியவரிடம் எடுத்துச் சென்றபோது அவர் குர்ஆனின் 67ஆம் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்ததாகவும், பூமி அதிர்வதைக் குறிக்கும் 'தமூரு' என்ற சொல்லை எட்டியதும் அதையே பெயராகச் சூட்டியதாகவும் அதில் வருகிறது. தைமூர் இறந்தது 1405இல். அவர் மறைந்து 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து வெளிப்பட்ட அந்த நூலை அவரே எழுதியது என்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. தம்மைத் தைமூரின் வாரிசுகள் என்று பெருமை கொண்டாடிய முகலாயர்களுக்கு அப்படியொரு கதை இனித்திருக்கும் என்பது என் கருத்து.

இதைவிட வலுவான சான்று, இஸ்லாத்தோடு தொடர்பே இல்லாதவர்களும் இப்பெயரைத் தாங்கியிருந்தார்கள் என்பது. குப்ளாய் கானின் பேரனாகிய தெமுர், 1294 முதல் 1307 வரை சீனத்தை ஆண்ட யுவான் பேரரசர். செங்கிஸ் கானின் இயற்பெயரான தெமுஜினும் இதே வேரிலிருந்து பிறந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. அவருடைய கடைசித் தம்பி தெமுகே, தங்கை தெமுலுன் என்னும் பெயர்களிலும் அந்த வேர் தெரிகிறது.

இன்னும் பின்னோக்கிப் போனால், மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நாட்டப்பட்ட குல் தெகின் கல்வெட்டில், இன்றைய உஸ்பெகிஸ்தானின் தென்பகுதியில் இருந்த கணவாய் ஒன்று 'தெமிர் கபிக்', அதாவது இரும்புக் கதவு, என்று குறிக்கப்படுகிறது. அக்கல்வெட்டை எழுப்பிய துருக்கியரின் முன்னோர், அல்தாய் மலைப்பகுதியில் ரூரான் அரசுக்கு இரும்பு உருக்கிக் கொடுத்தவர்கள் என்று சீன வரலாற்றேடுகள் சொல்கின்றன. அவர்களுடைய தலைவன் பூமின் பெண் கேட்டபோது, 'நீ என் கொல்லுலை அடிமை' என்று ரூரான் மன்னன் இழித்துரைத்தானாம். 552இல் அந்த மன்னனைப் போரில் வென்று பூமின் தனியரசு நிறுவினான். இரும்பினால் வாழ்ந்து, இரும்பினாலேயே ஏளனம் செய்யப்பட்டு, பின்பு ஆட்சியையும் பிடித்த ஒரு கூட்டத்தில், பிள்ளை உறுதியாக நிலைக்க வேண்டும் என்று அந்த உலோகத்தின் பெயரை வைப்பது இயல்புதானே? எஃகைக் குறிக்கும் 'போலாத்', பாறையைக் குறிக்கும் 'காயா' ஆகியவையும் துருக்கிய இனத்தார் ஆண்களுக்கு வைக்கும் பெயர்களே. (நமக்குப் பழக்கமான ஸ்டாலின் என்ற பெயரும் எஃகைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் அது சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலின் தாமே சூடிக்கொண்ட புனைபெயர்.)

இன்று துருக்கியில் தெமிர், திமுர் என்ற இரு வடிவங்களும், உஸ்பெகிஸ்தானில் தெமுர், கசகஸ்தானில் தெமிர், மங்கோலியாவில் தொமொர் என்பவையும் வழக்கில் உள்ளன. அமீர் தைமூரைக் குறிக்கும் 'தைமூர்லங்' என்பதில் உள்ள 'லங்' பெயரின் பகுதி அன்று. நொண்டி என்னும் பாரசீகச் சொல்லாகிய அதைப் பகைவர்கள் ஏளனமாகச் சேர்த்து வழங்கினார்கள். 1941இல் சமர்கந்தில் கல்லறையைத் திறந்து ஆராய்ந்த சோவியத் அறிஞர்கள், அவருடைய வலக்கால் ஊனமுற்றிருந்ததை எலும்பில் கண்டு உறுதி செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே சோவியத் நாட்டில் வெளிவந்த ஒரு சிறுவர் கதையின் நாயகன் பெயரும் திமுர்தான். போர்முனைக்குச் சென்றவர்களின் வீடுகளுக்குத் தோழர்களோடு சேர்ந்து மறைவாக உதவும் அந்தச் சிறுவனால் ரஷ்யக் குடும்பங்களும் பிள்ளைகளுக்குத் திமுர் என்று பெயரிடத் தொடங்கின.