சிட்டை பார்க்கத் தெரிந்த பிள்ளை

அன்புள்ள அண்ணாச்சி,

சனிக்கிழமை நீங்களும் அண்ணியும் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது, "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அண்ணி அழுததைப் பார்த்து அப்படிச் சொன்னேன். ஆறுதல் மட்டும் கேட்கவா நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்தீர்கள்? அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனர் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்காகக் கடைக் கட்டடத்தை அடமானம் வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். வைக்காதீர்கள். அந்தப் பிரிவு நல்ல பிரிவுதான், விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு. உங்கள் மகளிடம் கணக்கைப் பற்றி மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. விருப்பமில்லாத படிப்புக்குக் குடும்பத்துக்குச் சோறு போடும் கட்டடத்தை ஈடு வைப்பதை நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். கல்யாணத்தில் நான்கு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள உங்கள் மைத்துனருக்கு ஒரு மருமகள் பொறியாளர் தேவைப்படலாம். வட்டி கட்டப் போவது நீங்கள்.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். "வகுப்பில் ஆசிரியரிடம் குதர்க்கம் பேசுகிறாள், இதையெல்லாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்" என்று நீங்கள் மேசைமேல் போட்டீர்களே, அதே நீல அட்டை நோட்டு. நீங்கள் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தபோது அதைப் படித்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பு: "களப்பிரர் காலம் இருண்ட காலம். யார் சொன்னது?" சங்க காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டை ஆண்டவர்கள் களப்பிரர். தலைப்புக்குக் கீழே கோடு போட்டு நான்கு கட்டம்: சொன்னவர் யார், எப்போது, யாருக்காக, வேறு யாராவது சொல்கிறார்களா.

முதல் வரியில் வேள்விக்குடிச் செப்பேடு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் தன் மூன்றாம் ஆட்சியாண்டில் கொடுத்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழைய பாண்டியன் வேள்விக்குடியைக் கொற்கை கிழானுக்குக் கொடுத்தான், பிறகு களப்பிரர் வந்து அதைப் பறித்துக்கொண்டனர், கிழானின் வழியில் வந்தவர் திரும்பக் கேட்டுப் பெற்றார் என்கிறது அது. களப்பிரனைக் 'கலியரசன்', அதாவது கொடிய அரசன் என்றே ஏசுகிறது. இருண்ட காலம் என்ற பேச்சுக்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று இந்த ஏடு. உங்கள் மகள் அதற்கு நேரே எழுதியிருப்பது இது: "நிலத்தைத் திரும்பக் கேட்டவர் தரப்பு. பறித்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல தலைமுறை கழித்து."

அண்ணாச்சி, பட்டம் வாங்கியவர்கள் பலர் கேட்காத கேள்வி இது.

அடுத்த வரியில் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு. சிவகங்கை மாவட்டத்தில் இருப்பது, களப்பிரர் காலத்தை ஒட்டியது என்று அறிஞர் பலர் கருதுவது. அதில் சேந்தன் கூற்றன் என்ற அரசனின் ஆட்சியில் கோட்டம் எனப்படும் கோயில்களுக்கும் துறவியர் தங்கும் பள்ளிக்கும் ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன. பிரமதாயம், அதாவது பிராமணருக்குக் கொடுத்த நிலத்தின் உரிமையும் பேசப்படுகிறது. எல்லாம் பறிபோன காலம் என்றால் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

வேண்டுமென்றே அவளைச் சீண்டினேன். "அப்படியானால் அது பொற்காலம் என்கிறாயா?" என்று கேட்டேன். "இல்லை சார், அதற்கும் சான்று போதாது" என்றாள். அந்த ஒரு பதிலில் என் சந்தேகம் தீர்ந்தது. வரலாறு பிடிக்கும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குப் பிடித்தது வரலாறு அல்ல, பெருமை. நம் அரசர் கப்பல் விட்டார், வென்றார் என்று கேட்கப் பிடிக்கும். எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்டால் முகம் சுருங்கும். அவர்களை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் மகள் அப்படியல்ல.

இந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பலசரக்குக் கடையிலிருந்துதான். வாடிக்கையாளர் ஒருவர் பாக்கி தீர்த்துவிட்டேன் என்கிறார். பேரேட்டில் பாக்கி நிற்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? சிட்டையைப் புரட்டுவீர்கள். ஏனென்றால் சிட்டை அன்றைக்கே எழுதியது. பேரேடு பிறகு பார்த்து எழுதியது, விட்டுப்போயிருக்கலாம். சிட்டையிலும் இல்லையென்றால் கடைப்பையனைக் கேட்பீர்கள். அவன் அந்த வாடிக்கையாளருக்கு உறவு என்றால் அவன் சொல்லையும் கொஞ்சம் குறைத்தே எடுப்பீர்கள். பழைய வரலாற்றைப் படிப்பவர் செய்வதும் இதைத்தான். கல்லில் அன்றே வெட்டியது சிட்டை. பல தலைமுறைக்குப் பிறகு எழுதிய செப்பேடு பழங்கதை சொல்லும்போது அது பேரேடு. ஆனால் சிட்டை எழுதுகிறவனுக்கும் ஒரு பக்கம் உண்டு. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் எந்த அரசனாவது தான் தோற்றதை வெட்டி வைத்திருக்கிறானா?

வேள்விக்குடி ஏட்டிலேயே இன்னொன்று இருக்கிறது. நிலம் கேட்டு முறையிட்டவரிடம் பாண்டியன் முறுவலித்து, உன் பழமையை நாட்டார் வழியாக மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்கிறான். அரசனே சான்று கேட்டிருக்கிறான். உங்கள் மகள் கேட்டால் மட்டும் குதர்க்கமா?

வரலாறு படித்தால் ஆசிரியர் வேலை, குடிமைப் பணித் தேர்வு என்று எல்லாரும் சொல்வார்கள். அவை உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கல்வெட்டியல்.

அது என்ன வேலை என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். கோயில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் படிந்த கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் வாங்கும் பதம் தவறினால் தாள் கிழியும். பிறகு மையில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றுவார்கள். மேடெல்லாம் கருக்க, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து எழுத்தையே அழித்த கோயில்கள் உண்டு. அங்கெல்லாம் எப்போதோ ஒருவர் எடுத்து வைத்த மைப்படிதான் இன்று மிஞ்சிய சான்று.

படியெடுத்த பிறகுதான் உண்மையான வேலை. தமிழி, வட்டெழுத்து, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்தம் என்று பழைய எழுத்து முறைகள் எல்லாம் படிக்க வேண்டும். புள்ளி வைக்காத எழுத்தில் எது மெய், எது உயிர்மெய் என்று முடிவு செய்ய வேண்டும். எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிக்க வேண்டும். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்து' என்று வரும். கலம் என்றால் கப்பலா, உண்கலமா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கப்பல் என்றால் கடற்போர். உண்கலம் என்றால் மாணவருக்குச் சோறிட்ட ஒரு கல்விச்சாலையின் சோற்றுக் கணக்கு. ஒரு சொல்லில் ஒரு போரே நிற்கிறது, அல்லது இல்லாமல் போகிறது.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த கல்வெட்டில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று இருக்கிறது, அதாவது சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம். அசோகரின் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. ஔவை பாடிய அதியமானின் பெயரோடு சதியபுத்திரன் என்ற அந்தச் சொல் ஒரே கல்லில் வந்து நின்றது. பாட்டு, வடக்கே வெட்டிய கட்டளை, உள்ளூர்க் கல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடத்துச் செய்தி ஒரு பெயரில் சந்திக்கிறது. உங்கள் மகளின் நோட்டில் நான்காவது கட்டம் இருக்கிறதே, அது இதற்குத்தான்.

படிக்கும் வழி இது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, கூடவே தமிழை விடாமல். பி.ஏ. தமிழ் எடுத்தாலும் கதவு அடைபடாது. மேற்படிப்புக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் கிரேட்டர் நொய்டாவில். 2020-ல் அதற்கான தகுதிப் பட்டியலில் தமிழ் விடுபட்டு, இங்கே எதிர்ப்பு எழுந்து, பிறகு சேர்த்தார்கள். சமஸ்கிருதமும் கொஞ்சம் கற்கட்டும்; கிரந்தப் பகுதியைப் படிக்க அடுத்தவர் கையை எதிர்பார்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும்.

செலவைச் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதுகலைக்குப் பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000.

இதன் கஷ்டத்தையும் மறைக்கமாட்டேன். இந்தத் துறையில் வேலைக்கான அறிவிப்பு அடிக்கடி வராது. வந்தாலும் இடம் குறைவு. அவள் சொந்தமாகச் சம்பாதிக்க இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதாகும். அதுவரை "இன்னும் படிக்கிறாளா?" என்று கேட்பவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவளைச் சொல்ல வைக்கக் கூடாது. இதைத் தாங்க முடியுமா என்று அண்ணியும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் என்னிடம் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம். அப்போதும் அந்த அடமானம் கூடாது.

கல்லூரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள், திரும்பக் கேட்டு எழுதுவோம். மைத்துனருக்கு என் எண்ணைக் கொடுங்கள். ஞாயிறு மாலை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன், அவரிடம் நானே பேசுகிறேன். அந்த நீல நோட்டை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.