+2-க்குப் பிறகு டிப்ளமோ: வருடம் வீணாகுமா?

தம்பி, +2-வில் கட்-ஆஃப் குறைவு, மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தால் வருடம் வீணாகுமா என்று கேட்டிருந்தீங்க. பெரிசா வீணாகாது. +2 கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். 2 வருடத்தில் டிப்ளமோ. பிறகு பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு, 3 வருடம். மொத்தம் 5, நேராக பி.இ. போவதைவிட ஒன்று கூடுதல். ஆனால் நடுவில் பணம் முட்டினாலும் கையில் டிப்ளமோ இருக்கும். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். பி.இ. பாதியில் நின்றால் +2 மட்டும்தான் மிஞ்சும்.

சேரும் முன் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்க: லேத் (கடைசல் இயந்திரம்) ஓடுகிறதா, அதில் இரும்பைப் பிடிக்கும் சக்கில் துருவா? "நூறு சதவீத வேலை" என்று கல்லூரி சொன்னால் சீனியர்களின் வேலை ஆர்டரைக் கேட்டு வாங்கிப் படிங்க. பல இடங்களில் அது ஒரு வருட அப்ரென்டிஸ் (தொழில் பயிற்சி)தான், நிரந்தர வேலை இல்லை. சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே அரியர் விடாதீங்க. பின்னால் வரும் பாடங்களுக்கு அந்தப் பாடங்கள்தான் அடிப்படை.