சிற்றன்னை மேல் ஏற்றிய பழி

கேள்வி: ஏழு வயது மகளுக்குப் படித்துக் காட்ட ஹான்சல், கிரேட்டல் கதைப் புத்தகத்தை வாங்கினேன். சிற்றன்னையின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளைக் காட்டில் விடுவதும், சூனியக்காரியை எரியும் அடுப்பில் தள்ளுவதும் பொறுக்காமல் பாதியிலேயே மூடிவிட்டேன். குழந்தைகளுக்கு ஏன் இப்படி எழுதினார்கள்? இந்தக் கொடூரங்களை நீக்கிவிட்டுப் பதிப்பித்தால் என்ன?
(ஒரு வாசகி, கரூர்)

பதில்: யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட, இந்தக் கதையும் அடங்கிய கதைநூலின் முதல் தொகுதியின் தலைப்பில் ‘குழந்தைகள்’ என்ற சொல் இருந்தது, ஆனால் உள்ளே படங்கள் இல்லை, ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. ஜெர்மன் மக்களின் வாய்மொழி மரபு அழிந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த நூல் அது. ஐம்பது கதைகளைத் தேர்ந்து, படங்களுடன், குழந்தைகளுக்கென்றே ஒரு சிறு பதிப்பை அவர்கள் கொண்டுவந்தது 1825இல்தான்.

நீங்கள் கேட்கும் நீக்கல் வேலையும் அவர்கள் கையாலேயே தொடங்கிவிட்டது. அதில் எது போயிற்று, எது தங்கிற்று என்பதுதான் என்னை வருத்துகிறது. கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சல், தன் ஆடைகள் ஏன் இறுகிக்கொண்டே வருகின்றன என்று வெள்ளந்தியாகக் கேட்கும் ஒற்றை வரி, அவள் கருவுற்றிருப்பதைக் காட்டிவிடுகிறது என்பதால் அடுத்த பதிப்பிலேயே எடுக்கப்பட்டது. ஸ்னோ ஒயிட் கதையிலோ, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளோடு அரசி ஆடி ஆடிச் சாகும் காட்சிக்கு ஒரு குறையும் நேரவில்லை. சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்துவது முதல் பதிப்பில் கிடையாது; 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது. நீங்கள் அஞ்சும் கொடூரம் குறையவில்லை. சில இடங்களில் கூடியிருக்கிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் தாயைப் பற்றியது. முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819இல் அவள் சிற்றன்னையானாள். ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டுக்கு அனுப்பச் சொன்னவளும் முதலில் தாய்தான். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளும் சிற்றன்னையாக்கப்பட்டாள். பேறுகாலத்தில் தாய்மார் இறப்பது வழக்கமாக இருந்த அந்நாளைய ஐரோப்பாவில் சிற்றன்னைகள் பல வீடுகளில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஹான்சல், கிரேட்டல் கதை தொடங்குவதே அன்றாட ரொட்டிக்கும் வழியில்லாத வறுமையில் என்பதை மறக்கக் கூடாது. பிள்ளைகளை விடாவிட்டால் எல்லோருமே பசியால் சாக வேண்டியதுதான் என்று பெற்றவளே கணக்குப் பார்த்துச் சொல்வதில் பசி பேசுகிறது. அதே சொற்களைச் சிற்றன்னையின் வாயில் வைத்ததும் பசி பின்னுக்குப் போய், ஒரு பெண்ணின் கெட்ட மனம் காரணமாகி நிற்கிறது. உண்மையிலேயே சிற்றன்னையிடம் வளரும் ஒரு குழந்தை இதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்தால், அடுப்பைவிட இதுவே எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

என் மகனுக்குச் சொன்னபோது ‘அம்மா’ என்றே சொன்னேன். அவன் அழவில்லை, “அவங்க வீட்ல சாப்பிட ஒண்ணுமே இல்லையாப்பா?” என்றுதான் கேட்டான்.

ஆகவே, எல்லாவற்றையும் நீக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஸ்னோ ஒயிட்டின் திருமண விருந்தினர் முன்னிலையில் அரசியை வதைத்துக் கொல்வதை ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லாமல் விடலாம். அது தண்டனையை வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. கிரேட்டல் அடுப்பில் தள்ளுவது வேறு. அண்ணனைத் தின்னக் காத்திருப்பவளிடமிருந்து, துணைக்குப் பெரியவர் ஒருவரும் இல்லாத இடத்தில், அழுதுகொண்டிருந்த சிறுமி தானே யோசித்து அவனை மீட்கிறாள். அதை வெட்டினால் கிரேட்டலுக்குக் கதையில் வேலையே இல்லை.

நீங்கள் பாதியில் மூடியதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மகளைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகள் இருவரும் இன்னும் காட்டில்தான் இருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முத்துகளையும் மணிகளையும் அள்ளிக்கொண்டு அவர்கள் தந்தையிடம் ஓடிவரும் கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்டுங்கள்.