கை உடைந்தவரிடம் பீடியைப் பற்றி ஏன் கேட்கிறோம்? 108 ஆம்புலன்ஸ் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) பதில்கள்

கீழே விழுந்து கை உடைந்த அப்பாவை ஏற்ற வந்த 108 ஊழியர், பிரஷர் பார்த்துவிட்டு பீடி பிடிப்பீர்களா என்று வேறு கேட்டார். கைக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம்?

கைக்கு இல்லை, அப்பாவுக்கு உண்டு. பீடியும் பிரஷரும் மாரடைப்புக்கு வழி. நாடி, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் யாரை ஏற்றினாலும் பார்ப்பதுதான். ஆனால் டாக்டருக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைக்கிறது, வீட்டுக்குள்ளேயே போகிறோம். "மாத்திரை ஒழுங்கா போடுறேங்க" என்று சொல்பவர் வீட்டு டிவி மேல் பிரஷர் மாத்திரை அட்டை ரெண்டே ரெண்டு கிழித்தபடி தூசி படிந்து கிடக்கும், தலையணைக்கு அடியில் பீடிக்கட்டு. "இவரு அண்ணனும் அம்பது வயசுல நெஞ்சு வலியிலதான் போனாரு" என்று வீட்டம்மா அழுதுகொண்டே சொல்வார். அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா தங்கைக்கு 65க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அது முக்கியமான தகவல். எழுதி ஜி.எச்.சில் கொடுப்போம். எலும்பு வார்டில் அதை யாரும் படிக்காமலும் போகலாம் என்பதால், பிரஷர் அளவை ஒரு சீட்டில் எழுதி வீட்டு ஆள் கையிலும் கொடுத்துவிடுவேன்.

ஆம்புலன்ஸில் 170/100 காட்டியது. மாத்திரை ஆரம்பிக்கலாமா?

நீங்களாக வேண்டாம். வலியிலும் பயத்திலும் யாருக்கும் ஏறும். சரியான பிறகு பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) போய், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, சட்டைக் கையை ஏற்றிவிட்டுப் பாருங்கள். வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90க்குக் கீழே வரவில்லை என்றால் டாக்டர் முடிவு செய்வார்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஓடுகிற வண்டியில் எடுத்த அளவை வைத்து ஜனங்களைப் பயமுறுத்துகிறீர்கள். இதற்குத்தான் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே?

சிஸ்டர், வண்டி குலுங்கும்போது எடுத்த அளவு தப்பாக வரும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பைலட் (எங்கள் டிரைவர்) வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்ப்பேன். ஆனால் வீடு தேடி வருகிற நேரத்தில் கொத்தனார் சாரத்தில் நிற்கிறார், லாரி டிரைவர் ஊரிலேயே இல்லை. அந்த ஆளைப் பிரஷர் கருவி முதன்முதலாகத் தொடுவதே விபத்தில் அடிபட்ட அன்றுதான்.

அதே நர்ஸ்: எழுதிக் கொடுத்தால் போதுமா? அப்புறம் யார் பின்தொடர்வது?

யாருமில்லை. அங்கேதான் ஓட்டை. உங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் சீட்டில் "பி.எச்.சி.யில் பிரஷர் பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் அந்த ஓட்டை பாதி அடைபடும். எங்கள் ஆட்களிலும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு 120/80 போடுபவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சில் வாயுவா, மாரடைப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் முடியாது, இசிஜி வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி மட்டும் வரலாம். 108ஐக் கூப்பிடுங்கள். மாடியிலிருந்து நடந்து இறங்க வேண்டாம், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

சோடா குடித்து ஏப்பம் வந்தால் வாயுதானே?

மேலே சொன்னதுதான். ஏப்பம் மாரடைப்பிலும் வரும்.

இமையில் மஞ்சள் திட்டு இருந்தால் கொலஸ்ட்ராலா?

இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நெஞ்சில் வாயுவுக்கு ஓமத்தண்ணீர்?

ஐயா, மேலே.

பி.எச்.சி.யில் மாரடைப்புக்கு 14 மாத்திரை ஒரே தடவையில் கொடுக்கிறார்களாமே, வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் அது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொலஸ்ட்ராலுக்கான அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த கணக்கு. டாக்டர் பார்த்து, மாரடைப்பு என்று தெரிந்து கொடுப்பது. வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிகிறவர் நெஞ்சு வலி என்று நினைத்து இதை விழுங்கினால் கசிவு அதிகமாகும். வாங்கி வைக்காதீர்கள்.