மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்துகிறோம். வரவேற்பு மேசைக் கணினியிலிருந்து இணையக் கோல் எடுத்தால், அதே ஊர் உவர்மலையில் வீட்டு வைஃபையில் இருக்கும் முதலாளிக்கு நன்றாகக் கேட்கிறது. அவர் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் மணி மட்டும் அடிக்கும். எடுத்தால் இரு பக்கமும் சத்தமே இல்லை. செயலிக்குச் சொந்தமாக ஒரு வாடகைச் சேர்வர் உண்டு. குரலை இடையில் வாங்கிக் கடத்தும் ரிலே போடத்தான் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டும். மணி சேர்வர் வழியாக வருகிறது. குரலோ இரு கருவிகளுக்கும் இடையே நேரடியாக, யூடிபியில் (சேர்ந்ததா என்று பார்த்து நிற்காமல் அனுப்பும் முறை) போகப் பார்க்கிறது. இடையில் நிற்பது நாட், அதாவது பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு. 'உன் வெளி முகவரியும் போர்ட்டும் (முகவரியின் வாசல் எண்) இவை' என்று, வெளியே நின்று பார்க்கும் ஸ்டன் சேர்வர் சொல்லும். யாருக்கு அனுப்பினாலும் நாட் அதே போர்ட்டைத் தந்தால் அது போதும். ஆளுக்கொரு போர்ட் தரும் நாட்டில், ஸ்டன் சொன்ன போர்ட் மறுமுனைக்கு உதவாது. மொபைல் வலையமைப்புகளில் இந்த வகை அடிக்கடி அகப்படும்.

சோதிப்பது எளிது: போனின் ஒரே உள் போர்ட்டிலிருந்து இரண்டு ஸ்டன் சேர்வர்களைக் கேளுங்கள். வெளிப் போர்ட் இரண்டும் வேறுபட்டால் ஆளுக்கொரு போர்ட் தரும் நாட்தான். விடுதி ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அங்கே போர்ட் திறந்தும் பயனில்லை. மேலே இணைய நிறுவனத்தின் நாட் இன்னொன்று இருக்கிறது.

உங்கள் சேர்வரிலேயே கோடேர்ன் என்ற ரிலே மென்பொருளை நிறுவலாம். திறக்க வேண்டிய போர்ட்கள்: 3478 யூடிபியிலும் டிசிபியிலும் (சேர்ந்ததை உறுதி செய்யும் முறை), மறைகுறியாக்கிய டிஎல்எஸ் இணைப்புக்கு 5349. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். குரல் போவது 49152–65535 யூடிபி போர்ட்கள் வழியாக. ஃபயர்வாலில் அதைத் திறக்காவிட்டால் கடவுச்சொல் ஏற்கப்படும், ரிலே முகவரியும் கிடைக்கும், சத்தம் மட்டும் வராது. சேர்வரே தனியார் முகவரியில் இருந்தால் அதன் பொது முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்தால் ஊரார் போக்குவரத்தெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.

செயலியில் 'ரிலே மட்டும்' என்று வைத்து ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். குரல் கேட்டால் பழையபடி மாற்றிவிடுங்கள்: நேர்வழி கிடைக்காதபோதுதான், வழிகளைச் சோதித்துத் தேரும் ஐஸ் முறை ரிலேயைத் தொடும். ஜி.711 என்ற குரல் குறியாக்கத்தில் கோல் ஒன்றுக்குச் சேர்வரில் விநாடிக்கு உள்ளே சுமார் 160 கிலோபிட், வெளியேயும் அவ்வளவு. ஓபஸ் என்ற குறியாக்கத்தில் இதைவிடக் குறைவு. சேர்வர் ஐரோப்பாவில் இருந்தால் உப்புவெளிக் குரல் அங்கே போய்த்தான் உவர்மலைக்கு வரும்; சென்னை, சிங்கப்பூர்ப் பக்கம் எடுங்கள்.

கோல் சரியாக 32 விநாடியில் அறுந்தால் அது வேறு கோளாறு. முதலில் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியை (கோல் செய்திகளை இடையில் திருத்தும் வசதி) அணைத்துப் பாருங்கள்.