மார்கழி கச்சேரிக்கு மெட்ராஸ் போணும்

கேள்வி: அண்ணாச்சி, டிசம்பர் சீசன் கச்சேரி கேக்க அம்மாவ மெட்ராஸ் கூட்டிட்டுப் போணும், எப்படி பிளான் பண்ண?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கண்டிப்பா கூட்டிட்டுப் போங்கம்மா, தள்ளிப் போடாதீய. டிரெயின் புக்கிங் 60 நாளைக்கு முன்னாலயே ஓபன் ஆயிரும், நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலைல மெட்ராஸ்ல இறங்கிரலாம். ரூம் மயிலாப்பூர் பக்கம் பாருங்க, மியூசிக் அகாடமி, நாரத கான சபா எல்லாம் ஆட்டோல போற தூரந்தான். டிக்கெட்டுக்கு அடிபிடி சாயங்காலக் கச்சேரிக்குத்தான், மத்தியானம் இளவட்டங்க பாடுறது பெரும்பாலும் இலவசம், என்னயக் கேட்டா அதத்தான் மொதல்ல கேக்கணும், அவ்வளவு உசுரக் குடுத்துப் பாடுவாங்க, கூட்டமும் கம்மி, அம்மா முன்வரிசையிலயே உக்காரலாம். சாப்பாட்டுக்கு சபா கேன்டீன் இருக்கு. ஹால்ல ஏசி குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வச்சுக்கிடுங்க.